நாடித்துடிப்பை நம்பி ஆற்றில் இறங்கலாமா?

குதிரையின் நெஞ்சில் பட்டையைக் கட்டி இதயத்துடிப்பை எண்ணுகிறார்கள். நீண்டதூரக் குதிரையோட்டத்தில் அந்த எண் எதற்காக வந்ததோ அந்த வேலை ஒன்றுதான்: "போதும், நிறுத்து" என்று சொல்வது. இப்போது அதே எண்ணை "இன்னும் தாங்கும், ஓட்டு" என்று சொல்லவைக்கிறார்கள். நம்மூர்ப் பக்கமும் ஆரம்பித்துவிட்டது. எனக்கு இதில் சண்டை இருக்கிறது.

விளையாட்டு பழக்கமில்லாதவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கம். குதிரைப் பந்தயம் என்றால் நமக்குக் கிண்டிதான். ஒன்றிரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும். எண்டியூரன்ஸ் என்பது வேறு சமாச்சாரம். 40, 80, 120, 160 கிலோமீட்டர், ஒரே குதிரை, பெரும்பாலும் ஒரே நாள். 160 கிலோமீட்டர் என்பது எங்கள் ஆரணியில் ஏறி, சென்னையைக் கடந்து, கிட்டத்தட்ட திண்டிவனத்தில் இறங்குவது மாதிரி. (எங்கள் ஆரணி பட்டுப்புடவை ஆரணி இல்லை. பெரியபாளையத்துக்கும் பொன்னேரிக்கும் நடுவில், ஆரணியாற்றங்கரையில் இருக்கும் திருவள்ளூர் மாவட்டத்து ஆரணி. இந்த விளக்கத்தைப் பிறந்ததிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறேன்.) கேரளத்தின் நிதா அஞ்சும் சேலாட் 2023இல் பிரான்சில் நடந்த இளையோர் உலகப் போட்டியில் 120 கிலோமீட்டரையும், மறுவருடம் பெரியவர்களுக்கான போட்டியில் 160 கிலோமீட்டரையும் முடித்த செய்தி வந்ததிலிருந்து, தெற்கிலும் இந்த விளையாட்டின் மேல் ஒரு கண் விழுந்திருக்கிறது. நல்ல விஷயம்தான்.

இந்த ஓட்டத்தை ஒரே மூச்சில் ஓட முடியாது. சுற்றுகளாகப் பிரித்திருப்பார்கள். ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் வெட்கேட் என்ற மருத்துவ வாசல். அங்கே கால்நடை மருத்துவர் நிற்பார். குறிப்பிட்ட நேரத்துக்குள், வழக்கமாக 15 முதல் 20 நிமிடத்துக்குள், குதிரையின் துடிப்பு 64க்கு இறங்கியாக வேண்டும். இறங்காவிட்டால் குதிரை வெளியே. முதல் இடத்தில் வந்த குதிரையானாலும் சரி, ஷேக் வீட்டுக் குதிரையானாலும் சரி. துடிப்போடு விடுவதில்லை. ஈறின் நிறம் பார்ப்பார்கள். கழுத்துத் தோலைக் கிள்ளி விட்டு, எவ்வளவு சீக்கிரம் பழையபடி படிகிறது என்று பார்ப்பார்கள். வயிற்றில் ஸ்டெதஸ்கோப் வைத்துக் குடல் ஓசை கேட்பார்கள். ஓடவிட்டு நொண்டுகிறதா என்று பார்ப்பார்கள்.

இவ்வளவு கெடுபிடி ஏன்? 1892இல் ஆஸ்திரிய, ஜெர்மானிய ராணுவ அதிகாரிகள் வியன்னாவுக்கும் பெர்லினுக்கும் இடையே, ஏறக்குறைய 580 கிலோமீட்டர், குதிரையில் போட்டி போட்டார்கள். வென்றவர் மூன்று நாளுக்குள் முடித்தார். அவரைச் சுமந்து வந்த குதிரை செத்துப்போனது. இன்னும் பல குதிரைகளும் செத்தன. அந்த மாதிரி வெற்றிகள் வேண்டாம் என்று தோன்றியதன் விளைவுதான் மருத்துவ வாசல். கலிஃபோர்னியாவில் 1955இல் தொடங்கிய டெவிஸ் ஓட்டம் நவீன எண்டியூரன்ஸின் தாய். 100 மைல், 24 மணி நேரம். அங்கே முதலில் வந்தவருக்கு ஒரு கோப்பை என்றால், முதல் பத்தில் வந்தவற்றில் எந்தக் குதிரை நல்ல நிலையில் இருக்கிறதோ அதற்கு இன்னொரு கோப்பை. இரண்டாவதைப் பெரிதாக நினைப்பவர்கள் அங்கே நிறைய உண்டு.

*

இப்போது என் சண்டைக்கு வருகிறேன்.

நண்பர் ஒருவர், என்னைப் போலவே ஐடி ஆசாமி, பந்தயத்திலிருந்து ஓய்வு கொடுக்கப்பட்ட குதிரை ஒன்றை வாங்கி எங்கள் ஊருக்குப் பக்கத்து மாந்தோப்பில் வைத்திருக்கிறார். வெளிநாட்டிலிருந்து துடிப்புமானி தருவித்திருக்கிறார். சேணத்துக்கு அடியில் ஒரு மின்முனை, வயிற்றுப் பட்டைக்கு அடியில் இன்னொன்று. போனில் கோடு ஓடுகிறது. ஆறே வாரத்தில் கோடு அழகாகிவிட்டது. "மச்சி, அதே ரூட், அதே ஸ்பீடு, முதல்ல 150 அடிச்சுது, இப்ப 125தான். 12 வாரத்துல 80 கிலோமீட்டர் ரெடி. நீ ஒரு டாஷ்போர்டு எழுதிக்குடு. பச்சை, மஞ்சள், சிவப்பு. பச்சையா இருந்தா டிஸ்டன்ஸை ஏத்திக்கிட்டே போகலாம்."

இந்தக் கடைசி வாக்கியம்தான் என் பிரச்சினை.

இதயத்துடிப்பு சொல்வது பொய் என்று நான் சொல்லவரவில்லை. அது அருமையான கருவி. ஓய்வில் இருக்கும் குதிரைக்கு நிமிடத்துக்கு 30 முதல் 40 துடிப்பு. முழுப்பாய்ச்சலில் 220ஐத் தாண்டும். நம்முடைய இதயம் இருநூறைத் தொடுவதற்குள் நாக்குத் தள்ளிவிடும். துடிப்பு 200இல் இருக்கும்போது குதிரையின் வேகம் என்ன என்று பார்ப்பதற்கு வி200 என்று பெயர். பயிற்சி ஏற ஏற அந்த வேகம் கூடும். நீண்டதூரக் குதிரைக்குப் பெரும்பாலான பயிற்சியை 150, 160க்குக் கீழேயே வைத்துக்கொள்வார்கள். அதற்கு மேலே போனால் ரத்தத்தில் லாக்டிக் அமிலம் சேரத் தொடங்கும். ஆற்றுமணலில் ஓட்டினால் தார்ச்சாலையைவிடத் துடிப்பு எகிறும். காலில் வலி இருந்தால் ஓடி முடித்த பிறகும் துடிப்பு இறங்காது. சேணம் குத்துகிறதா, காய்ச்சல் வருகிறதா என்பதற்குக்கூட அந்த எண்ணில் துப்பு கிடைக்கும்.

"அதெல்லாம் எதுக்கு சார், கண்ணால பாத்தாலே தெரியாதா?" என்று கேட்கும் பழைய கைகளோடும் எனக்கு உடன்பாடு இல்லை. குதிரை வேட்டையாடப்படும் இனம். கூட்டத்தில் தளர்ந்து தெரிவது புலியின் வாயில் விழும் என்று பல லட்சம் வருடம் கற்றுக்கொண்ட உடம்பு அது. வலியை ஒளித்துவைக்கும். ஓட்டுகிறவர் கேட்டால் இன்னும் கொஞ்சம் ஓடும். கண் ஏமாறும் இடத்தில் எண் உதவுகிறது. மருத்துவ வாசலில் ஒரு சோதனை உண்டு. துடிப்பை எண்ணிவிட்டு, 40 மீட்டர் போய்த் திரும்பி வரும்படி ட்ராட்டில், அதாவது துள்ளுநடையில், ஓடவிடுவார்கள். ஓடத் தொடங்கி ஒரு நிமிடம் ஆனதும் மறுபடி எண்ணுவார்கள். நலமான குதிரைக்கு முதலில் இருந்த எண்ணே வந்துவிடும், சில சமயம் குறைந்தும் இருக்கும். களைத்த குதிரைக்கு நாலு துடிப்பு கூட இருக்கும். அந்த நாலு துடிப்பை எந்தக் கண்ணும் பார்க்காது.

அப்படியானால் என்ன தகராறு? இதயம் உடம்பின் மற்ற பாகங்களைவிடச் சீக்கிரம் தேறிவிடும். தகராறு அதுதான்.

குதிரைப் பயிற்சியில் நெடுநாள் புழங்கும் கணக்கு ஒன்று உண்டு. இதயமும் நுரையீரலும் சில மாதத்தில் பழகிவிடும். தசைக்கு அதைவிடக் கூடுதல் காலம். தசைநாணுக்கும் மூட்டுக்கும் வருடம் பிடிக்கும். எலும்பு முழுக்க உறுதிப்பட இரண்டு, மூன்று வருடம். எலும்பு கல் இல்லை. சுமைக்கு ஏற்ப தன்னை இடித்து இடித்துத் திரும்பக் கட்டிக்கொள்வது. இடிப்பது சீக்கிரம் நடக்கும், கட்டுவது மெதுவாக நடக்கும். நடுவில் ஒரு காலம் பழைய எலும்பைவிடப் பலவீனமாக இருக்கும். பயிற்சி சூடு பிடிக்கும் காலமும் அதுவே. நண்பரின் கோடு அழகாக இறங்கிக்கொண்டிருக்கும் அதே ஆறு வாரத்தில் குதிரையின் முன்னங்கால் எலும்பு கட்டிமுடியாத வீடாக இருக்கக்கூடும். மானிக்கு அது தெரியாது. அது இதயத்தை மட்டும் எண்ணுகிறது. பந்தயக் குதிரை என்றால் இன்னும் மோசம். இதயம் ஏற்கெனவே பெரியது, சட்டென்று மெருகேறும். கால்களோ பந்தய வருடங்களின் கடனைச் சுமந்து வந்தவை.

மென்பொருள்காரனுக்கு இந்த வியாதி நன்றாகத் தெரியும். எது சீக்கிரம் மாறுகிறதோ அதை அளக்கிறோம். அளப்பது பச்சையானால் எல்லாமே பச்சை என்று நம்புகிறோம். சர்வர் நிமிடத்துக்கு எத்தனை கோரிக்கை தாங்குகிறது என்று திரையில் ஓடும். ராத்திரி கண்விழித்து அதைத் தாங்கிக்கொண்டிருப்பவனின் கழுத்துவலி எந்தத் திரையிலும் ஓடாது.

"மண்குதிரையை நம்பி ஆற்றில் இறங்காதே" என்ற பழமொழியில் குதிரையே கிடையாது, அது 'மண்குதிர்', ஆற்றின் நடுவில் தெரியும் மணல்திட்டு என்று ஒரு விளக்கம் சொல்வார்கள். ஆரணியாற்றில் வெள்ளம் வடிந்த நாட்களில் அந்தத் திட்டுகளைப் பார்த்திருக்கிறேன். மேலே காய்ந்து, நடக்கலாம் போலத் தெரியும். கால் வைத்தால் உள்வாங்கும். அழகான துடிப்புக்கோடு அப்படியொரு திட்டு. மேல்பரப்பு உண்மையிலேயே காய்ந்திருக்கிறது. அதை நம்பி முழு எடையையும் வைப்பதுதான் தப்பு.

*

இது என் கற்பனைப் பயம் என்று நினைப்பவர்கள் வளைகுடாவைப் பார்க்கட்டும். எண்டியூரன்ஸ் போட்டியில் ஒரு விதி உண்டு. சுற்று முடிந்து வாசலுக்கு வந்தாலும் கடிகாரம் நிற்காது. துடிப்பு இறங்கி மருத்துவரிடம் காட்டிய பிறகே நிற்கும். குதிரையின் நன்மைக்காக வைத்த விதி இது. ஆனால் அந்த நொடியிலிருந்து சீக்கிரம் இறங்கும் இதயம் ஒரு ஆயுதமாகிவிட்டது. வாளிவாளியாகத் தண்ணீர் ஊற்றி இரண்டு மூன்று நிமிடத்தில் 64க்குக் கொண்டுவரும் படையே உருவானது. தட்டையான பாலைவனத் தடம், சமன்படுத்திய மணல், பின்னால் ஜீப்புகள். மலையேறி இறங்கும் நிதானமான ஓட்டம், நூறு கிலோமீட்டர் நீளமுள்ள பந்தயமாக மாறியது. குதிரைகள் இதயச் சோதனையில் தேறிக்கொண்டே இருந்தன. கால்கள் உடைந்தன. 2015 தொடக்கத்தில் ஐக்கிய அரபு அமீரகத்தில் ஒரு போட்டியில் ஒரு குதிரையின் இரண்டு முன்னங்கால்களும் உடைந்த படம் உலகெங்கும் பரவியது. அந்த வருடம் மார்ச்சில் சர்வதேசக் குதிரையேற்றக் கூட்டமைப்பு அமீரகத்தின் சங்கத்தையே சில மாதம் தற்காலிகமாக நீக்கியது. 2016 உலகப் போட்டியைத் துபாயிலிருந்து ஸ்லோவாகியாவுக்கு மாற்றினார்கள்.

அந்த எண் வேலை செய்யாமல் போகவில்லை. வேறு வேலை செய்யத் தொடங்கியது. "64க்கு வந்தால் போகலாம்" என்ற அனுமதி "64க்குக் கொண்டுவா" என்ற இலக்காகிவிட்டது.

கூட்டமைப்பின் விதிகளில் என்னைக் கவர்வது மானி சம்பந்தப்பட்டவை அல்ல, நாட்காட்டி சம்பந்தப்பட்டவை. உலகப் போட்டியில் 160 கிலோமீட்டர் ஓடக் குதிரைக்கு 8 வயதாவது ஆகியிருக்க வேண்டும். போட்டி முடிந்தால் தூரத்துக்கு ஏற்பக் கட்டாய ஓய்வு. சராசரி வேகம் மணிக்கு 20 கிலோமீட்டரைத் தாண்டியிருந்தால் ஓய்வுநாள் கூடும். துடிப்பு எவ்வளவு அழகாக இருந்தாலும் இந்த நாட்களைக் குறைக்க முடியாது. எலும்பின் சார்பாகப் பேச ஆளில்லை என்பதால் நாட்காட்டி பேசுகிறது.

எங்கள் ஊர் வெயிலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். குதிரை வியர்வையால் உடம்பைக் குளிர்விக்கும் பிராணி. வெக்கையில் கடுமையாக ஓடினால் மணிக்குப் பத்து லிட்டருக்கு மேல்கூட வியர்க்கும். மனித வியர்வையைவிட உப்பு அதிகம். தண்ணீரோடு உப்பும் சேர்ந்து வெளியேறுவதால் ரத்தத்தின் செறிவு அவ்வளவாக மாறாது. அதனால் தாகமே எடுக்காமல் போகும். உடம்பு வற்றிய குதிரை வாளியை முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொள்ளும். 2018இல் அமெரிக்காவின் ட்ரையனில் நடந்த உலகப் போட்டியில் வெப்பமும் ஈரப்பதமும் தாங்காமல் எண்டியூரன்ஸ் ஓட்டத்தையே பாதியில் ரத்து செய்தார்கள். ஐம்பதுக்கும் மேற்பட்ட குதிரைகளுக்கு சிகிச்சை தேவைப்பட்டது, ஒரு குதிரையைக் கருணைக்கொலை செய்ய நேர்ந்தது. உலகின் மிகச் சிறந்த குதிரைகள், மிகச் சிறந்த மானிகள், மிகச் சிறந்த மருத்துவர்கள் இருந்த இடம். பொன்னேரி, கும்மிடிப்பூண்டிப் பக்கத்து மே மாதம் எப்படி என்று இங்கே இருப்பவர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. கடல்காற்றின் ஈரத்தில் வியர்வை உலர்வதில்லை, வழிகிறது. வழிகிற வியர்வை குளிர்விக்காது. குளிர்ந்த தேசத்தின் அட்டவணையை வைத்துக்கொண்டு இங்கே "மஞ்சள், பச்சை" போடுவது சுத்தப் பைத்தியக்காரத்தனம்.

*

தமிழ்நாட்டுக்கும் குதிரைக்கும் உள்ள உறவில் இது புதுக்கதை இல்லை. பட்டினப்பாலை காலத்திலேயே குதிரை கடல்வழி வந்து இறங்கிய நாடு இது. பதிமூன்றாம் நூற்றாண்டின் கடைசியில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ எழுதியிருக்கிறார்: ஹோர்முஸ், ஏடன் பக்கமிருந்து வருடந்தோறும் ஆயிரக்கணக்கில் குதிரைகளை வாங்குகிறார்கள், வருடம் முடிவதற்குள் பெரும்பாலானவை செத்துவிடுகின்றன. இங்கே பராமரிக்கத் தெரிந்தவர்கள் இல்லை. குதிரை விற்கும் வணிகர்கள் லாடக்காரர்களைக் கூட்டிவருவதில்லை, வரவிடுவதுமில்லை. குதிரைகள் சாகச் சாகத்தானே வியாபாரம்.

வெளிநாட்டான் மிகைப்படுத்தியிருக்கலாம். ஆனால் அந்த வியாபாரத்தின் அச்சு மாறவில்லை. அன்று குதிரை வந்தது, லாடக்காரன் வரவில்லை. இன்று மானி வருகிறது, மருத்துவ வாசல் வரவில்லை. மானியை இணையத்தில் ஆர்டர் போட்டால் வீட்டுக்கு வந்துவிடும். ஓட்டுபவரின் சொல்லை மீறி "இறங்கு" என்று சொல்லும் அதிகாரமுள்ள மூன்றாவது ஆளை ஆர்டர் போட முடியாது.

நான் சண்டை போடுவது அந்த மூன்றாவது ஆளுக்காகத்தான். பின்லாந்தின் போலார் நிறுவனம் 1982இல் கம்பியில்லாத துடிப்புமானியைச் சந்தைக்குக் கொண்டுவந்தபோது, அது விளையாட்டு வீரர் தானே கட்டிக்கொண்டு தானே பார்ப்பதற்கானது. கட்டியவரும் படிப்பவரும் ஒருவரே. எண் 180 என்றால் தன் மூச்சையும் தன் காலையும் கேட்டுவிட்டு அவர் முடிவெடுக்கலாம். அதே கருவியைக் குதிரைக்கு மாற்றியபோது ஒரு பிளவு விழுந்தது. கட்டியிருப்பது ஒருவர், படிப்பது இன்னொருவர். படிப்பவருக்குக் கோப்பை வேண்டும், கட்டியிருப்பவருக்குக் கால் வேண்டும். இருவரின் நலனும் ஒன்றல்லாதபோது, எண்ணைப் படிப்பவரின் கையிலேயே முடிவையும் கொடுக்கக் கூடாது. எண்டியூரன்ஸ் விளையாட்டின் பெரிய கண்டுபிடிப்பு மானி அல்ல. மானியைப் படித்துத் தீர்ப்பு சொல்லும் உரிமையை ஓட்டுபவரிடமிருந்து பிடுங்கிக்கொண்டதுதான்.

குதிரைக்கு இது புரிந்துவிட்டது. மனிதனுக்கு?

எங்கள் ஊரிலிருந்து கொஞ்ச தூரத்தில் கும்மிடிப்பூண்டி சிப்காட். இரும்பு உருக்கும் உலைகளுக்கு முன்னால் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த பையன்கள் நிற்கிறார்கள். 2024இல் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. சரியான முடிவு. ஆனால் அதற்கு ஒரு வருடம் முன்னால், 2023 ஏப்ரலில், 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் தொழிற்சாலைகள் சட்டத்திருத்தம் இதே மாநிலச் சட்டமன்றத்தில் நிறைவேறியது. எதிர்ப்பு வந்ததும் மே தினத்தன்று திரும்பப் பெற்றார்கள். அப்போது சொல்லப்பட்ட சமாதானம், விருப்பப்படும் தொழிலாளர்களுக்கு மட்டும்தான் என்பது. களைத்தவனின் விருப்பம் என்றால் என்ன என்று எண்டியூரன்ஸ்காரர்களைக் கேட்டிருக்கலாம். தளர்ந்த குதிரைகூட விருப்பமாகத்தான் ஓடும். அதனால்தான் வாசலில் குதிரையின் விருப்பத்தை யாரும் கேட்பதில்லை, நாடியைப் பிடிக்கிறார்கள். கை மணிக்கட்டில் பட்டையைக் கட்டி ஆட்களின் நடையையும் துடிப்பையும் மேலாளரின் திரைக்கு அனுப்பும் காலம் ஒன்றும் தூரத்தில் இல்லை. 'வெல்னெஸ்' என்ற பேரில் வரும். அன்றைக்கும் கட்டியிருப்பவர் ஒருவர், படிப்பவர் இன்னொருவர்.

*

நண்பருக்கு என்ன பதில் சொன்னேன்? டாஷ்போர்டு எழுதித் தருகிறேன், ஆனால் அதில் பச்சை இருக்காது என்றேன். இரண்டே நிலைதான். ஒன்று, "இன்று நிறுத்து". இன்னொன்று, வெறும் வெள்ளை. வெள்ளைக்கு அர்த்தம் ஓட்டு என்பதல்ல, மானிக்குச் சொல்ல ஒன்றுமில்லை என்பதுதான். மற்றதைக் கையால் தடவி, நடக்கவிட்டு, தண்ணீர் குடித்ததா, சாணம் போட்டதா, குளம்புக்கு மேலுள்ள மூட்டு சூடாக இருக்கிறதா என்று பார்த்து, மாதம் ஒருமுறை மருத்துவரை வரவழைத்துத் தெரிந்துகொள்ள வேண்டியது. தூரத்தை ஏற்றுவதை நாட்காட்டி முடிவு செய்யும். 12 வாரம் என்பதை அழித்துவிட்டு இரண்டு வருடம் என்று எழுது என்றேன். "அப்ப மானி எதுக்குடா?" என்று கோபப்பட்டார். நிறுத்துவதற்கு. வேறெதற்குமில்லை.

இது மந்தமான பதில், எனக்கே தெரியும். கிராஃப் ஏறுவதைப் பார்க்கும் சுகம் இதில் இல்லை. 120 கிலோமீட்டரை நண்பர்களிடம் சொல்லிக்கொள்ள முடியாது. ஆனால் குதிரையைக் கட்டி அளப்பவர்களிடமும், ஆளைக் கட்டி அளக்கப்போகிறவர்களிடமும் கேட்கவேண்டிய கேள்விகள் மூன்றுதான். எண்ணை யார் உடம்பில் எடுக்கிறீர்கள்? யார் படிக்கிறீர்கள்? எண் கூடினால் உங்களை மீறி "இறங்கு" என்று சொல்ல அங்கே யார் நிற்கிறார்? மூன்றாவது கேள்விக்கு ஒரு ஆளைக் காட்ட முடியாதவர், பட்டையைக் கழற்றிவிட்டுப் பேசட்டும்.